வாயாங் பார்க்கப் போகலாமா?

கேள்வி: சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் எங்கள் புளோக் பக்கம் கூடாரம் போட்டு வாயாங் என்ற சீன நாடகம் நடத்துகிறார்கள். நாமும் போய் உட்காரலாமா? முன்வரிசை காலியாகவே கிடக்கிறதே, ஏன்?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தாராளமாகப் போகலாம், டிக்கெட் கிடையாது. வாயாங் முதலில் சாமிக்கும் ஆவிகளுக்கும்தான், மனிதர்கள் அதற்குப் பிறகு. மேடை பெரும்பாலும் கோயிலையோ பூசைப் பந்தலையோ பார்த்து நிற்பது அதனால்தான். அம்மன் பார்க்கக் கூத்து நடத்திய நமக்கு இது புதிதல்ல. முன்வரிசை ஆவிகளுக்கு உரியது. இதே மாதம் நடக்கும் பாட்டு நிகழ்ச்சியான கெத்தாயில் இதில் ரொம்பக் கண்டிப்பு. வாயாங்கிலும் இரண்டாம் வரிசையிலிருந்து உட்கார்ந்தால் வம்பில்லை. புல்தரையில் இருக்கும் படையலையும் எரித்த காகிதச் சாம்பலையும் மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

2026இல் ஏழாம் மாதம் ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 10 வரை. ஆட்டம் வழக்கமாக இரவு 7 மணி வாக்கில் தொடங்கும். கூடாரத்தில் அல்லாமல் கட்டடமாகவே நிற்கும் மேடையைப் பார்க்க வேண்டுமென்றால், பாலஸ்டியர் ரோட்டில் உள்ள கோ சோர் துவா பெக் கோங் கோயிலுக்குப் போங்கள். அங்குள்ள மேடை 1906இல் கட்டியது.

கேள்வி: பாஷை தெரியாது. கதை எப்படிப் புரியும்? தியோச்சூ, ஹொக்கியன் போன்ற சீன மொழிகளில் எது என்றாவது கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: பலர் செய்யும் தவறு, தொடக்கத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போவது. முதலில் வருவது மங்கல ஆட்டம். எட்டுத் தேவர்கள் வந்து வாழ்த்துவார்கள். அதில் கதை இல்லை. அது முடிந்த பிறகுதான் நாடகம்.

மேடையோரத்து மின்பலகையில் ஓடும் சீன வரிகளைக் கைப்பேசி கேமராவால் மொழிபெயர்க்கப் பார்க்காதீர்கள். பாட்டு பழைய இலக்கிய நடையில் இருப்பதால் உளறலாகத்தான் வரும். அன்றைய நாடகத்தின் பெயரைப் பக்கத்தில் இருக்கும் பாட்டியிடம் கேட்டு, கதைச் சுருக்கத்தைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

மீதியைக் கண்ணே சொல்லிவிடும். கையில் குஞ்சம் வைத்த சவுக்கு இருந்தால் ஆள் குதிரைமேல் வருகிறார். சக்கரம் வரைந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே நடந்தால் தேரில் போகிறார். ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும்தான் அரசவை, மலை, கோட்டை எல்லாம். சிவப்பு முகம் விசுவாசி, வெள்ளை முகம் சூழ்ச்சிக்காரன், கறுப்பு முகம் நேர்மையாளன். சீனக் கதைகளில் நேர்மைக்குப் பேர்போன நீதிபதி பாவ் கறுப்புதான்.

பாஷையைக் காதால் பிடிக்கலாம். கீச்சென்ற இரண்டு தந்தி வாத்தியம் பாட்டை இழுத்துக்கொண்டு போக, கோமாளி உடம்பை வில்லாக வளைத்தால் தியோச்சூவாக இருக்கலாம். நீளமான அழுகைப் பாட்டு ஹொக்கியனின் அடையாளம். வயலினோ சாக்ஸபோனோ கேட்டால் இன்னொரு சீன மொழியான கான்டனீஸாக இருக்கலாம். மேற்கத்திய வாத்தியங்களை 20ஆம் நூற்றாண்டில் சேர்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

கேள்வி: மேடைக்குப் பின்னால் போய்ப் படம் எடுக்கலாமா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கேட்டுவிட்டு எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். அங்கே குழுவின் குலதெய்வத்துக்குச் சின்னப் பீடம் இருக்கும். அதை மறித்து நிற்காதீர்கள், உடைப்பெட்டிகள்மேல் உட்காராதீர்கள். ஒப்பனை நடக்கும்போதே அங்கே போய்ப் பாருங்கள், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. மணி 7ஐ நெருங்கிவிட்டால் அங்கே யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது.