இலங்கை அரசின் அஸ்வெசும போன்ற காசுக் கொடுப்பனவு ஏழைக் குடும்பத்துக்கு உண்மையில் என்ன செய்கிறது?

காசுக் கொடுப்பனவு என்றால் அரிசி, பருப்பாகத் தராமல் பணத்தையே மாதாமாதம் வங்கிக் கணக்கில் போடுவது. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசுமவில் மிக வறிய குடும்பத்துக்கு அப்போது மாதம் 15,000 ரூபா.

தொகையைவிட, அது தவறாமல் வருவதே பெரிது. கொழும்பு புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைக்கு வேலை இல்லாத நாளில் கூலி இல்லை. அன்றைக்கு வெட்டுப்படுவது பிள்ளையின் முட்டையும் டியூஷன் காசும்தான். கொடுப்பனவை மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: குழாய் நின்றாலும் சமையல் நிற்காது. கடைக்காரரின் கடன் கொப்பியில் வரிகள் குறையும், "நாளைக்கு என்ன செய்வது" என்ற பதைப்பும் அடங்கும். ஆனால் கொடுப்பனவு பிந்தினால் மறுபடி வட்டிக்கடன்தான். விலைவாசி ஏறியும் தொகை ஏறாவிட்டால் பலன் கரைந்துவிடும்.

"காசு கொடுத்தால் குடித்தே அழிப்பார்கள்" என்பது தவறு: 2014இல் உலக வங்கி ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுவாக மது, புகையிலைச் செலவு கூடியிருக்கவில்லை.