மந்தைகள் இறங்கும் மாதம்

அன்புள்ள அக்கா,

வரும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் கிர்கிஸ்தான் போவதாக இருக்கிறோம். நான், என் கணவர், என் அம்மா. மொத்தம் 12 நாள். அம்மாவுக்கு வயது 66, முழங்கால் வலி கொஞ்சம் உண்டு. நாடோடி மக்களின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. சோங்கோல் ஏரி, தாஷ் ரபாத் என்ற பழைய கல் சத்திரம், காரகோல், ஆலாகுல் மலையேற்றம், அர்ஸ்லான்பாப் வால்நட் காடு, ஓஷ் நகரம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். ஆனால் பயண ஏற்பாட்டாளர் ஒருவர், "செப்டம்பரில் எல்லாரும் மலையிலிருந்து இறங்கிவிடுவார்கள், பார்க்க ஒன்றும் இருக்காது, ஜூலையில் போங்கள்" என்கிறார். எங்களுக்கு விடுமுறை அப்போதுதான் கிடைக்கும். போகலாமா? போதாததற்கு நாங்கள் சைவம்.

ச., காஞ்சிபுரம்

அன்புள்ள ச.,

தயங்காமல் போங்கள். அவர்கள் இறங்கிவிடுவார்கள் என்று அவர் சொன்னது சரிதான். பார்க்க ஒன்றும் இருக்காது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இறங்குவதைப் பார்க்கலாமே.

தமிழில் நாடோடி என்று சொன்னதும் வீடுவாசல் இல்லாமல் ஊர் ஊராகத் திரிகிறவர் என்றுதான் மனதில் வருகிறது. கிர்கிஸ் இடையர்களுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. இன்று பெரும்பாலோருக்குப் பள்ளத்தாக்கில் ஊரும் வீடும் உண்டு. அவர்கள் போவதும் வருவதும் மேலும் கீழுமாகத்தான். கோடையில் புல் மேலே ஏறுகிறது, அதன் பின்னால் ஆடும் குதிரையும் ஏறுகின்றன, ஆடுகளின் பின்னால் மனிதர்கள். அந்தக் கோடை மேய்ச்சல் நிலத்துக்கு ஜைலோ என்று பெயர். நாட்டின் 90 விழுக்காட்டுக்கு மேல் மலை. ஒவ்வொரு ஊருக்கும் அதற்கான ஜைலோ எது என்பது தலைமுறைகளாகத் தெரிந்த விஷயம்.

இந்த வாழ்க்கை எத்தனை முறை முறிந்து ஒட்டியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1916இல் ஜார் அரசு போர்க்காலப் பணிக்கு ஆள் பிடிக்க ஆணையிட்டபோது கலகம் வெடித்தது. அடக்குமுறைக்குத் தப்பி, மந்தைகளோடு தியான்ஷான் கணவாய்களைக் கடந்து சீனாவுக்கு ஓடியவர்களில் ஏராளமானோர் வழியிலேயே மாண்டார்கள். அதை ஊர்குன் என்கிறார்கள். பிறகு சோவியத் கூட்டுப்பண்ணைகள் வந்தன. கால்நடை அரசுடையது ஆயிற்று, மக்கள் நிலையான ஊர்களில் அமர்த்தப்பட்டார்கள். ஆனாலும் பண்ணையின் இடையர்கள் கோடைதோறும் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். 1991இல் நாடு விடுதலை பெற்றதும் பண்ணைகள் கலைந்தன, ஆடுகள் பங்கு பிரிக்கப்பட்டன. கையில் பணமில்லாத அந்த ஆண்டுகளில் ஆடுகளை விற்றும் அறுத்தும் பிழைத்ததில், ஒரு கோடி அளவில் இருந்த ஆட்டுத்தொகை சில ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே போய்விட்டது. லாரிக்கும் டீசலுக்கும் வழியில்லாமல் தொலைவான ஜைலோக்கள் வெறிச்சோடின, ஊருக்குப் பக்கத்துப் புல் தேய்ந்தது. 2009இல் வந்த மேய்ச்சல் நிலச் சட்டம் அந்த நிலங்களின் பொறுப்பை உள்ளூர் மக்களிடம் கொடுத்தது.

அதனால், கூடாரத்துக்குப் பக்கத்தில் காமாஸ் லாரியும் சூரியத்தகடும் நிற்பதைப் பார்த்து உங்கள் கணவர் முகம் சுளித்தால் தடுத்துவிடுங்கள். அந்த லாரி இருப்பதால்தான் அவர்களால் இன்னும் அவ்வளவு தூரம் ஏற முடிகிறது.

சரி, செப்டம்பருக்கு வருவோம். அங்கே பள்ளிகள் திறப்பது செப்டம்பரில். அதனால் அதற்கு முன்பே பிள்ளைகளும் அவர்களோடு தாய்மாரும் முதலில் இறங்குகிறார்கள். மந்தையோடு ஆண்கள் இன்னும் சில வாரம் இருப்பார்கள், பனி பார்த்துக் கிளம்புவார்கள். நான் போனதும் செப்டம்பர் நடுவில்தான். சோங்கோல் கரையில் ஜூலைப் படங்களில் பார்த்த பச்சை இல்லை. புல் வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்தது. கூடாரங்கள் இருந்து எடுத்த இடங்களில் வெளிறிய வட்டங்கள் கிடந்தன. இரவில் வாளித் தண்ணீர் உறைந்தது. அந்தக் கரையில் மிஞ்சியிருந்த நாலைந்து குடும்பங்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருந்தது. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது.

உங்கள் பட்டியலில் பாதியை அடித்துவிடச் சொல்வேன். ஆலாகுல் வேண்டாம். ஏரியே 3,500 மீட்டருக்கு மேல், கணவாய் அதற்கும் மேலே. அம்மாவை ஓரிடத்தில் விட்டுவிட்டு நீங்கள் இருவர் மட்டும் ஏறுவதற்காகவா இந்தப் பயணம்? அர்ஸ்லான்பாப் எனக்கு மிகப் பிடித்த ஊர். இலையுதிர்காலத்தில் குடும்பம் குடும்பமாக வால்நட் காட்டுக்குள்ளேயே குடியேறிக் காய் பொறுக்குவார்கள். ஆனால் அந்த அறுவடை களைகட்டுவது நீங்கள் திரும்பிய பிறகுதான், செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும். அதுவும் ஓஷும் நாட்டின் தென்மேற்கில் இருக்கின்றன. நீங்கள் போகிற இடங்களோ நடுவிலும் கிழக்கிலும். அவற்றுக்கு இன்னொரு முறை வாருங்கள்.

மீதி இருப்பதை இந்த மாதத்தின் போக்கிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். முதலில் உயரம், பிறகு படிப்படியாகக் கீழே. பனி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் சோங்கோலைக் கடைசிக்குத் தள்ளவே கூடாது. தலைநகர் பிஷ்கெக் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சோங்கோல் 3,016 மீட்டர். ஒரே நாளில் ஏறினால் தலை கனக்கும். நடுவில் 1,800 மீட்டரில் இருக்கும் கோச்கோரில் இரண்டு இரவு தங்குங்கள். அங்கே வீடுகளில் தங்கவும் வண்டிக்கும் கூடாரத்துக்கும் ஏற்பாடு செய்யவும் சமூகச் சுற்றுலா அமைப்பு ஒன்று இருக்கிறது, சி.பி.டி. என்றால் எல்லாருக்கும் தெரியும். ஷிர்தாக் என்ற கம்பள விரிப்பை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் தைப்பதையும் பார்க்கலாம். கம்பளியை நனைத்து, உருட்டி, மிதித்துக் கெட்டியாக்கி, இரண்டு நிறத் துண்டுகளை ஒன்றாக அடுக்கி வெட்டி, ஒன்றின் உருவத்தை மற்றதன் பள்ளத்தில் பொருத்தித் தைக்கிறார்கள். அதனால் துணுக்குகூட வீணாவதில்லை. 2012இல் யுனெஸ்கோ இதை உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

பிஷ்கெக்கிலிருந்து கோச்கோர் போகிற வழியில், டோக்மோக் ஊருக்குப் பக்கத்தில் புரானா கோபுரத்தை எல்லாரும் காட்டுவார்கள். காஞ்சிபுரத்துக்காரர்கள் நீங்கள், அக்பெஷிம் என்ற இடத்திலும் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மண்மேடுகள்தான் மிச்சம். சூயாப் என்ற பழைய நகரம் அது. கி.பி. 630 வாக்கில் யுவான் சுவாங் இங்கேதான் மேற்குத் துருக்கியரின் அரசனைச் சந்தித்தார். பொற்பூ வேலைப்பாடு கொண்ட பெரிய கூடாரத்தில், பச்சைப் பட்டு உடுத்தி இருந்தானாம் அந்த அரசன். இந்தியாவுக்குப் போகாதீர், அங்கே வெயில் அதிகம், உம்மைப் பார்த்தால் உருகிவிடுவீர் போலிருக்கிறது என்று தடுத்ததாக அவருடைய வரலாறு சொல்கிறது. அவர் கேட்கவில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டு கழித்து உங்கள் ஊர் வரை வந்தார்.

அம்மாவைப் பற்றி. கூடாரத்தில் எல்லாமே தரையில்தான். சாப்பிடுவது, உறங்குவது எல்லாம். கழிப்பறை தள்ளி இருக்கும், பெரும்பாலும் குந்தி உட்காரும் வகை. இதை முன்பே சொல்லி, மடக்கு நாற்காலி ஒன்று பிஷ்கெக்கில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே இரண்டு இரவு போதும். மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அங்கே மூச்சோ தலைவலியோ தொந்தரவு கொடுத்தால் விடியும் வரை காத்திருக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும், அதற்காக வண்டியைக் கூடவே நிறுத்தி வையுங்கள். இரவில் அடுப்பில் வறட்டி எரியும். நம் வறட்டியேதான், அங்கே தெஸெக் என்பார்கள். அது அணைந்ததும் குளிர் சட்டென்று இறங்கும், கம்பளி உள்ளாடை கட்டாயம். நுழையும்போது வாசற்படியை மிதிக்க வேண்டாம். கதவுக்கு நேர் எதிரே உள்ள தோர் என்ற இடம்தான் மரியாதைக்குரியது. அம்மாவை அங்கே உட்காரவைப்பார்கள். மறுக்காமல் உட்காரச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது இறைச்சி உண்ணும் நாடு. விருந்தினர் வந்தால் ஆடு அறுப்பதுதான் அவர்கள் அறிந்த உபசாரம். "எத் ஜெபெய்ம்" என்றால் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று பொருள். அதை அங்கே போய்ச் சொல்லாமல் முந்தைய நாளே கோச்கோரிலிருந்து சொல்லி அனுப்புங்கள். ரொட்டி, கய்மாக் என்ற கெட்டிப் பாலாடை, வெண்ணெய், பழப்பாகு, உருளைக்கிழங்கு, போர்சோக் என்ற பொரித்த மாவுத்துண்டு, ஓயாமல் தேநீர். பசியோடு இருக்க மாட்டீர்கள். ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், அது அவர்களுக்கு மனம் நோகும். குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸ் அப்போது கிடைப்பது கடினம்.

சோங்கோலுக்குப் பிறகு தாஷ் ரபாத்தா, இஸிக்குலா என்று கேட்டால் அம்மாவுக்காக இஸிக்குல் என்பேன். 1,600 மீட்டரில், குளிர்காலத்திலும் உறையாத ஏரி; பெயருக்கே வெப்ப ஏரி என்றுதான் அர்த்தம். தென்கரையில் இரண்டு மூன்று நாள் சும்மா இருங்கள். கழுகு வேட்டை காட்டுகிறோம் என்று அழைப்பார்கள். உண்மையான வேட்டை குளிர்காலத்தில், இப்போது நடப்பது காட்சிக்காக. உயிருள்ள முயலை விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு காரகோல். ஞாயிறு அமைந்தால் விடியற்காலையில் கால்நடைச் சந்தை. மலையிலிருந்து கொழுத்து இறங்கிய ஆடுகள் விலைபேசப்படுவதை அங்கே பார்க்கலாம்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. சோங்கோலில் பக்கத்துக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தால் தூர நின்று படமெடுக்க வேண்டாம், உதவலாமா என்று கேளுங்கள். கம்பளிப் போர்வைகள் முதலில் இறங்கும், அடுத்து கூரைக் கழிகள், கூடவே உச்சியில் இருக்கும் துந்துக் என்ற வளையம். அவர்களுடைய தேசியக் கொடியில் இருப்பது அதுதான். தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவது என்பதால் அதை அவர்களே தூக்குவார்கள். கழிகளை எண்ணிக் கட்டும் வேலையை உங்கள் கணவரிடம் தரலாம். கூடாரத்தைச் சுற்றிக் கட்டும் நெய்த நாடாக்கள் நீளம் நீளமாக அவிழ்ந்து கிடக்கும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவற்றைச் சுருட்டித் தரலாம்.