அந்த மூன்று எண்களை மனைவிக்குச் சொன்னீர்களா?

கேள்வி: கஜகஸ்தானில், காஸ்பியன் கடலோரம் இருக்கும் அக்தாவ் நகரில் கம்பெனி ஃபிளாட்டில் குடியிருக்கிறோம். எனக்கு எண்ணெய் வயலில் 14 நாள் வேலை, அடுத்த 14 நாள் வீடு. மனைவியும் 6 வயது மகளும் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு குறையும் வைக்கவில்லை. கிளம்பும் முன் 14 நாளுக்கும் வேண்டியதை வாங்கி ஃபிரிட்ஜை நிரப்பிவிடுவேன். போன மாதம் நள்ளிரவில் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தபோதுகூட, மனைவிக்கு முகவரி சொல்லத் தெரியாததால் நானே அங்கிருந்து போனில் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். இருந்தும் தினமும் அழுகை. 'பாலைவனத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டீர்கள்' என்கிறாள். திருச்சியில் ஸ்கூட்டியில் தனியாகச் சுற்றியவள்தான். அவளை எப்படிப் பழக்குவது? ஊருக்கே அனுப்பிவிடலாமா?

பதில்: தம்பி, பாலைவனத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். காய்ச்சல் வந்த அந்த ராத்திரியைப் பற்றி முதலில் பேசுவோம். அதை நீங்கள் உங்கள் பொறுப்புக்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் வயிறு கலங்கியது.

அக்தாவ் 1960-களில் சோவியத் அரசு வெறும் நிலத்தில் எழுப்பிய ஊர். அங்கே முகவரி என்பது மூன்று எண்கள்தான், தெருப்பெயர் தேடவே வேண்டாம். முதல் எண் மைக்ரோரயான், அதாவது குடியிருப்புத் தொகுதி. அடுத்தது கட்டடம், மூன்றாவது உங்கள் ஃபிளாட். 7, 12, 40 என்பது போல. உலகத்திலேயே மனப்பாடம் செய்யச் சுலபமான முகவரிகளில் அது ஒன்று. எட்டு மாதமாக உங்கள் மனைவிக்கு அது தெரியவில்லை என்றால், அவருக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவை ஒரு நாளும் வரவில்லை என்று அர்த்தம். தேவை வராதபடி பார்த்துக்கொண்டது நீங்கள்.

அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து அறையில் இருந்தீர்கள், போனை எடுத்தீர்கள். 12 மணி நேர ஷிஃப்ட்டில், எரிவாயு இருக்கும் பகுதிக்குள் சாதாரண போனைக் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது எனக்குச் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த நேரத்தில் காய்ச்சல் வந்திருந்தால்? உங்கள் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எந்தக் கதவைத் தட்டியிருப்பார்? தான் இல்லாத நேரத்திலும் வீடு நடக்கும்படி வைப்பவனைத்தான் குடும்பத் தலைவன் என்று நான் சொல்வேன். ஃபிரிட்ஜை நிரப்புவதோடு அந்தக் கடமை தீராது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த முறை வீட்டுக்குப் போனதும் செய்யுங்கள்.

ஒரு தாளில் ஐந்து எண்களைப் பெரிதாக எழுதி வாசல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். முதல் மூன்று முகவரி. நான்காவது, கட்டடத்தின் எந்த நுழைவாயில் என்பது. அங்கே புழங்கும் ரஷ்ய மொழியில் 'பத்யேஸ்த்' என்பார்கள். ஐந்தாவது, எத்தனையாவது மாடி. நுழைவாயிலைச் சொல்லாவிட்டால் ஆம்புலன்ஸ்காரர்கள் நீளமான கட்டடத்தில் ஒவ்வொரு கதவாக அலைவார்கள். கீழ்க்கதவு பூட்டியிருக்கும். அவர்கள் ஃபிளாட் எண்ணை அழுத்தி மணியடித்ததும் வீட்டுக்குள்ளிருந்து எந்தப் பொத்தானால் கதவைத் திறப்பது என்பதையும் மனைவிக்குக் காட்டுங்கள்.

அதே தாளில் ஆம்புலன்ஸுக்கு 103, எல்லா அவசரத்துக்கும் 112. தீயணைப்பு 101, போலீஸ் 102. எண்களை ரஷ்ய மொழியில் எப்படிச் சொல்வது என்று தமிழில் பக்கத்திலேயே எழுதுங்கள். 'ரெபியோனக், தெம்பெரதூரா, த்ரீத்ஸத் தேவ்யத்' என்றால் குழந்தை, காய்ச்சல், 39. இவ்வளவு சொன்னால் எதிர்முனைக்கு விஷயம் புரியும். நம் வீட்டுத் தெர்மாமீட்டரைப் பார்த்து 102 என்று சொன்னால் புரியாது, அங்கே செல்சியஸ்தான். ஃபாரன்ஹீட் 102 என்பது செல்சியஸில் 38.9. புதுத் தெர்மாமீட்டர் ஒன்றை அங்கேயே வாங்கிவிடுங்கள்.

மனைவி பெயரில் சிம் இருக்கிறதா? அவருக்கென்று 12 இலக்க அடையாள எண் வாங்கினீர்களா? அது இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. அங்கே பஜாரில் வெங்காயம் விற்கிறவர்கூடப் போனில்தான் பணம் வாங்குகிறார். கையில் பணமே கொடுக்காமல் ஒரு குறையும் வைக்கவில்லை என்று எழுதாதீர்கள். அவருடைய பாஸ்போர்ட்டும் குழந்தையுடையதும் அவருக்குத் தெரிந்த அலமாரியில் இருக்கட்டும். இந்தியத் தூதரகம் இருக்கும் அஸ்தானா அங்கிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால். யாரும் ஓடிவந்து உதவ முடியாது.

தண்ணீர் விஷயமும் அவருக்குத் தெரிய வேண்டும். அந்த ஊருக்கு ஆறு கிடையாது. குழாயில் வருவது பெரும்பாலும் காஸ்பியன் நீரை உப்பு நீக்கியது. 1973 முதல் 1999 வரை அதற்கு வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதியை ஓர் அணு உலையே கொடுத்தது. இன்றும் மின்சாரம், வெந்நீர், குடிநீர் மூன்றுக்கும் ஊர் பெரிதும் நம்பியிருப்பது ஒரே ஆலை வளாகத்தை. 2023 ஜூலையில் அங்கே பழுது ஏற்பட்டபோது மாநிலமே தடுமாறியது. ஆகவே இரண்டு பெரிய கேன் தண்ணீர் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். தீர்ந்தால் போன் செய்து வரவழைப்பது உங்கள் மனைவியாக இருக்கட்டும்.

மொழி கஷ்டம் என்று சொல்லாதீர்கள். தமிழ் பேசுகிறவருக்குக் கஜக் மொழியின் கட்டுமானம் பழகியதுதான். வினை கடைசியில் வரும், உருபு சொல்லோடு ஒட்டும். 'அக்தாவ்தா' என்றால் அக்தாவில், 'அக்தாவ்கா' என்றால் அக்தாவுக்கு. எழுத்தில்தான் கொஞ்சம் ஏமாறுவோம். ஆங்கில ஹெச், ஏ, ஹெச் போலப் பலகையில் தெரிவது 'நான்'. நம் ஹோட்டல் நான்தான், ரொட்டி. சி, ஒய் போலத் தெரிவது 'சு', தண்ணீர். பஜாரில் 'மாஷ்' என்று கேட்டால் பச்சைப் பயறு கிடைக்கும். ஆறு மணி நேரம் ஊறவைத்து இஞ்சி, மிளகாயோடு அரைத்தால் பெசரட்டு, புளிக்கவைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பயறை அவரே போய்க் கேட்டு, விலை பேசி வாங்கட்டும். நீங்கள் வாங்கிவந்து கொடுத்தால் அது பயறு மட்டும்தான்.

பக்கத்து ஃபிளாட்டில் வயதான அம்மா ஒருவர் இருந்தால், உங்கள் மனைவி அவரை 'அபா' (மூத்த பெண்களைக் கூப்பிடும் கஜக் சொல்) என்று கூப்பிட்டு அறிமுகம் செய்துகொள்ளட்டும். நீங்கள் வயலில் இருக்கும் 14 நாளும் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கும். திருச்சியிலுள்ள அவர் அம்மாவோடும் தினமும் பேசட்டும். நேர வித்தியாசம் அரை மணிதான்.

ஊருக்கு அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். புருஷன் ஓர் ஊரில் சம்பாதிக்க, பெண்டாட்டி இன்னோர் ஊரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாழ்க்கையை நான் ஒருநாளும் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. ஆனால் பூட்டிய ஃபிளாட்டில் இருப்பதும் சேர்ந்து வாழ்வது ஆகாது. தனியாக வெளியே போய் வரத் தெரிந்த பிறகு, இருப்பதா போவதா என்று அவரே சொல்லட்டும். போகிறேன் என்றால் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், மறுபேச்சு வேண்டாம்.

அதற்கு முன் ஒரு காரியம். அடுத்த விடுப்பில் மூவரும் கடற்கரைக்குப் போங்கள். காற்று பலமாக இருக்கும், குழந்தைக்குக் காது மூடும் குல்லா எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது டாக்ஸியை அவர் பிடிக்கட்டும். அவர் முன் இருக்கையில், நீங்கள் மகளோடு பின்னால். எந்த நுழைவாயில் என்று டிரைவர் கேட்பார். உங்கள் மனைவி யோசித்துக்கொண்டே இருந்தாலும், வண்டி கட்டடத்தை இரண்டு முறை சுற்றினாலும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.