சொந்தப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு குழந்தை வரும்போது

கேள்வி: எனக்கு 11 வயதில் மகளும் 7 வயதில் மகனும் இருக்கிறார்கள். குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் ஒரு குழந்தையை வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்க்க எனக்கும் கணவருக்கும் ஆசை. தத்தெடுப்பு பற்றி விசாரித்தபோதுதான் 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று ஒரு திட்டம் இருப்பது தெரிந்தது. ஆனால் என் மாமியார், "ஊரான் பிள்ளையைக் கொண்டுவந்து உன் பிள்ளைகளை ஏங்க விடாதே" என்கிறார். பிள்ளைகள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? எங்கே தொடங்குவது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மாமியாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். புதிதாக ஒரு குழந்தை வந்தால் சொந்தப் பிள்ளைகள் கொஞ்ச காலம் ஏங்கத்தான் செய்வார்கள். அதற்காக இந்த எண்ணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மகளையும் மகனையும் கேட்காமல் விண்ணப்பத்தில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். நான் சொல்லப்போவதில் மிக முக்கியமானது இதுதான்.

சட்ட விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பது அதைப் பொறுத்தது. தத்தெடுத்தால் அந்தக் குழந்தை சட்டப்படி, நிரந்தரமாக, உங்கள் குழந்தை. 2022ஆம் ஆண்டு தத்தெடுப்பு விதிமுறைகளின்படி, இரண்டு அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் உள்ள தம்பதிக்குப் பொதுவாகச் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளையோ, எளிதில் குடும்பம் அமையாத குழந்தைகளையோதான் தத்துத் தருவார்கள். நீங்கள் இந்த வரம்புக்குள் வருகிறீர்கள். வளர்ப்புப் பராமரிப்பு வேறு. இளைஞர் நீதிச் சட்டம் 2015, 44ஆவது பிரிவின்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு, குறுகிய காலத்துக்கோ நீண்ட காலத்துக்கோ ஒரு குழந்தையை உங்கள் வீட்டில் வளர விடுகிறது. பெற்றோர் இருந்தால், குழு தடுக்காத பட்சத்தில், அவர்கள் வந்து பார்க்கலாம். அவர்களின் நிலைமை சரியானால் குழந்தை அவர்களிடமே திரும்பிப் போகலாம். குழு மாதந்தோறும் உங்கள் வீட்டைப் பார்வையிடும். மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. உங்கள் கணக்கை அந்தத் தொகையை நம்பிப் போடாதீர்கள்.

ஆகவே பிள்ளைகளிடம் "உனக்கு ஒரு தம்பி வரப்போறான்" என்று சொல்லாதீர்கள். நிறைய வீடுகளில் ஆசையாக முதலில் சொல்வது இதைத்தான். தம்பி என்றால் எப்போதும் இருப்பவன் என்று 7 வயதுப் பையன் நம்புவான். "ஒரு பிள்ளைக்கு இப்போ அவங்க வீட்டில் இருக்க முடியாத நிலைமை. கொஞ்ச நாளோ, ரொம்ப நாளோ, நம்ம வீட்டில் இருக்கும். எவ்வளவு நாள்னு எனக்கும் தெரியாது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால் அக்கா சொல்வதையே தம்பியும் சொல்வான். "உனக்கு எது பிடிக்காது? எதைப் பகிர்ந்துக்க மாட்டே?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். என் அறை, என் சைக்கிள், ராத்திரி அம்மா பக்கத்தில் படுக்கிற இடம் என்று ஏதாவது சொல்வார்கள். அதை எழுதிவைத்து, முடிந்தவரை காப்பாற்றிக் கொடுங்கள். மகள் "வேண்டாம்" என்றால் அவளைத் தாஜா செய்யாதீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம். இல்லத்தில் இருக்கும் குழந்தையும் பாவம்தான். ஆனால் அரைமனதாக வரவேற்கும் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து மறுபடி இல்லத்துக்கே திரும்புவது அதைவிடப் பெரிய அடி.

அடுத்தது வயது. இந்தத் திட்டத்தில் பெரும்பாலும் 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்தான் வருவார்கள். உங்கள் மகனைவிடச் சிறிய குழந்தையாகக் கேட்பதே நல்லது என்பேன். அவனுக்கு 7 வயதுதான் என்பதால், இன்னும் ஓரிரு வருடம் காத்திருக்கச் சொல்லத் தோன்றுகிறது. அவனுக்கு 9 ஆகட்டும், வரும் குழந்தை 6 அல்லது 7 வயதில் இருக்கட்டும். ஒரே வயது என்றால் மார்க்கிலிருந்து உயரம் வரை பார்ப்பவர்கள் எல்லாரும் ஒப்பிடுவார்கள். மூத்த குழந்தை வந்தால் உங்கள் மகளின் 'பெரியவள்' என்ற இடம் பறிபோகும். வயதில் பெரிய பிள்ளை என்ன அனுபவித்து வந்திருக்கிறது என்பதும் முழுதாகத் தெரிந்திருக்காது. அதனால் வீட்டில் எல்லாருக்கும் பொதுவான விதிகள் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். தனித்தனிப் படுக்கை, குளியலறையில் ஒருவர் மட்டும், யார் தொட்டாலும் பிடிக்கவில்லை என்றால் உடனே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்வது. வந்த பிள்ளையைச் சந்தேகித்து வைக்கும் விதிகள் அல்ல இவை. மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றுவதற்குத்தான்.

முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வகைக் குழந்தை, தலையணைக்கு அடியில் பிஸ்கட்டும், காலையில் மிஞ்சிய இட்லியும் சுருட்டி வைத்திருக்கும். எறும்பு வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். இது திருட்டு இல்லை. அடுத்த வேளை சோறு உறுதியில்லாமல் வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் இருக்கும். திட்டாமல், மூடி போட்ட ஒரு டப்பாவில் பொட்டுக்கடலையோ முறுக்கோ போட்டு, "இது உன்னோடது, எப்ப வேணா எடுத்துக்கோ" என்று அதன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் அதுவே சண்டையாகும். இன்னொரு வகைக் குழந்தை, பயந்துபோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டும், தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்கும். "எவ்வளவு சமத்து, நீங்களும் இருக்கீங்களே!" என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். நம்பிக்கை வந்ததும் அந்தச் சமத்துப் பிள்ளையே அடம்பிடிக்கும், கத்தும். அது நல்ல அறிகுறி. உங்கள் மகனுக்கு மட்டும் அது புரியாது. "நான் கத்தினா அடி, அவன் கத்தினா கொஞ்சலா?" என்பான். யார் கத்தினாலும் இந்த வீட்டில் அடி இல்லை என்று ஆக்கிவிடுவதுதான் வழி. வளர்ப்பில் இருக்கும் பிள்ளையை அடிக்கவே கூடாது என்பதால், இதில் தேர்வு என்று ஒன்றும் இல்லை.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்பார்கள். இந்த விஷயத்தில் அதை நம்பாதீர்கள். வந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரி, கவுன்சலிங், குழுவின் பார்வையிடல் என்று உங்கள் நேரம் போய்க்கொண்டே இருக்கும். மகள் பொறுப்பாகி, அதற்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுப்பாள், தலை பின்னிவிடுவாள், எதையும் கேட்க மாட்டாள். பிரச்சினை செய்யாத அந்தப் பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒவ்வொரு பிள்ளையுடனும் நீங்களோ கணவரோ தனியாக இருங்கள். மார்க்கெட்டுக்குப் போய்வரும் நேரமானாலும் போதும்.

உறவினர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். "என்ன ஆளுங்க? அம்மா எங்க ஓடிப்போனா?" என்று குழந்தையின் முன்னாலேயே கேட்பார்கள். "அது அவனோட சொந்த விஷயம், நாங்க சொல்றதில்லை" என்ற ஒரே பதிலை வீட்டில் எல்லாரும் பழகிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் உட்பட. பொங்கல் காசும் தீபாவளித் துணியும் மூவருக்கும் ஒரே மாதிரி வர வேண்டும் என்று தாத்தா பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தனித் தட்டு, தனி டம்ளர் என்று யாராவது ஆரம்பித்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். அப்புறம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குழந்தையின் படத்தைப் போடவே கூடாது. குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். உங்கள் மகள் போனில் எடுக்கும் படத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்களை அம்மா என்று கூப்பிடச் சொல்லாதீர்கள். அத்தை, பெரியம்மா, எது வாயில் வருகிறதோ அது. சொந்த அம்மா பார்க்க வந்துவிட்டுப் போன அன்று குழந்தை சாப்பிடாமல் கிடக்கலாம், உங்கள் மகனின் பொம்மையை உடைக்கலாம். அன்று அந்த அம்மாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல் இருந்தாலே பாதிப் பாரம் இறங்கும்.

திரும்பிப் போகும் நாளைப் பற்றியும் இப்போதே யோசியுங்கள். அன்று உங்கள் பிள்ளைகள் அழுவார்கள். "அதான் முதல்லயே சொன்னேன்ல" என்று அடக்காதீர்கள். முடிந்தவரை தேதியை முன்பே சொல்லி, விடைபெற நேரம் கொடுங்கள். பிறகு போனில் பேச, பார்க்க வழி உண்டா என்று குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் கேளுங்கள். குழந்தை திரும்ப முடியாத நிலையில் இருந்து, தத்துக்கு உரியதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டால், 2 ஆண்டு வளர்த்த குடும்பம் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். முன்பு இது 5 ஆண்டாக இருந்தது.

தொடங்க வேண்டிய இடம், உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகம். அங்கிருந்து வீட்டு ஆய்வுக்கு வருபவர் வீட்டில் உள்ள எல்லாரிடமும் பேசுவார். மாமியாரையும் உட்கார வையுங்கள், அவர் பயத்தை அவர் வாயாலேயே சொல்லட்டும். குறுகிய காலத்துக்கு ஒரு குழந்தையை ஏற்க முடியுமா என்று கேளுங்கள். முதல் தடவைக்கு அது உங்கள் பிள்ளைகளுக்கும் தாங்கும். சிக்கல் வரும்போது யாரைக் கூப்பிடுவது, கவுன்சலர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார் என்பதையும் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.