பிள்ளை பார்க்கிற வேலைக்கு டிகிரி எதற்கு?

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கலைப் பிரிவில் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய அரசுத் தேர்வு) எழுதிய என் மகள், பல்கலைக்கழகத்தில் குழந்தை வளர்ச்சி படிக்க ஆசைப்படுகிறாள். "பிள்ளை பார்க்க டிகிரி வேணுமா?" என்கிறார் என் மாமியார். அவர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

பதில்: மாமியார் கேட்பதில் தப்பில்லை அம்மா. பால்மரம் வெட்டப் போனவர்களின் பிள்ளைகளை இருட்டோடு வாங்கி வைத்துப் பார்த்தவருக்கு எல்லாம் கைப்பழக்கம். எந்தப் பிள்ளை பேசப் பிந்துகிறது என்று அவருக்குத் தெரியும். ஏன் பிந்துகிறது, அடுத்து என்ன செய்வது என்பதற்குத்தான் படிப்பு.

பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசும். நம் ஊர்ப் பிள்ளை "நாசி வேணும்" (நாசி என்றால் மலாயில் சோறு) என்று மலாயையும் தமிழையும் கலக்கும். அது குறைபாடு இல்லை. தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணினால் பிள்ளை பின்தங்கியது போலத் தெரியும். எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும். தமிழ் தெரிந்த, இதையும் படித்த ஒருவர் தோட்டப்புறத்துக்கு எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். படிப்பின் பெயரைப் பார்த்துத்தான் கதவு திறக்கும். பாலர் பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் ஆரம்பக் குழந்தைப் பருவக் கல்வி. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தில் அது இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். ஆனால் பட்டம் வாங்கியதும் அரசாங்க வேலை தேடி வராது, தனியாக விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போக வேண்டும். தனியார் தாடிகாக்களில், அதாவது பாலர் பள்ளிகளில், தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் மனித மேம்பாட்டுப் படிப்பு வேறு வகை. குழந்தை, குடும்பம், முதுமை எல்லாம் அதில் வரும். சமூக நலம், குடும்ப நலம் சார்ந்த வேலைகளுக்குப் பொருந்தும். அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் வேலையை எதிர்பார்க்கக் கூடாது.

பலர் ஏமாறுவது சிகிச்சை விஷயத்தில்தான். பேச்சுச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் போன்றோர் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். அதற்குத் தனிப் பட்டம் உண்டு, பெரும்பாலும் அறிவியல் பாடங்களையும் கேட்பார்கள். கலைப் பிரிவு மாணவிக்கு நேர்வழி இல்லை. ஆலோசகர் வேலைக்கும் தனிப் பட்டம், தனிப் பதிவு.

சொந்தமாக தஸ்கா, அதாவது குழந்தைப் பராமரிப்பு மையம், நடத்தலாம் என்ற எண்ணமும் வரலாம். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்தால், 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். அப்போது மாமியாரின் அனுபவம் பக்கத்திலேயே இருக்கும், விடாதீர்கள்.

தனியார் கல்லூரியைப் பார்த்தால், பணம் கட்டும் முன் அந்தப் படிப்பு எம்கியூஏ (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பு) பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரிக்காரர் வாய்ச்சொல் போதாது. அப்புறம், அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியுவில் விண்ணப்பிக்கும் முன் மகளை இரண்டு வாரம் பக்கத்துத் தாடிகாவில் உதவிக்கு அனுப்பிப் பாருங்கள். இருபது பிள்ளைகள் ஒன்றாக அழும் காலையைத் தாண்டிய பிறகும் அவள் இதையேதான் கேட்கிறாளா என்று தெரிந்துவிடும்.