போலோ ஜிடி: ரெசனேட்டரைக் கழற்றாதீர்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் போலோ ஜிடி டிஎஸ்ஐ காருக்கு மூன்று அங்குலப் புகைக்குழாய் மாட்டி, ரெசனேட்டரையும் (குழாயின் ரீங்காரத்தை அடக்கும் பகுதி) கேட்டலிடிக் கன்வெர்டரையும் (புகையின் நஞ்சைக் குறைக்கும் பகுதி) எடுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார், சம்மதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

கன்வெர்டரை எடுத்தால் வெளியேறும் நஞ்சு கூடும், அதன் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் எஞ்சின் விளக்கை எரியவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் இடம் தராது.

ரெசனேட்டர் இல்லாத சத்தம் முதல் நாள் இனிக்கத்தான் செய்யும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போதுதான் தெரியும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 சுற்றுக்குள் ஓடும்போது ஒரு ரீங்காரம் காருக்குள்ளேயே தங்கிக் காதை அடைக்கும். பின்சீட்டில் குழந்தை தூங்காது. இவ்வளவு சிறிய டர்போ எஞ்சினுக்கு மூன்று அங்குலமும் தேவையில்லை, இரண்டேகால் தாராளம். குழாயின் கடைசியில் சத்தத்தை அடக்கும் மஃப்ளரை மட்டும், 304 தரத் துருப்பிடிக்காத எஃகில், மாற்றுங்கள். சத்தம் கூடினால் அதற்கும் அபராதம் உண்டு, எனவே அடக்கமானதாகத் தேர்ந்தெடுங்கள்.

மாட்டும் முறை முக்கியம். முந்தைய இரவே போல்ட்டுகளில் துரு இளக்கும் திரவம் தெளியுங்கள். குழாயைத் தாங்கும் ரப்பர்களில் சோப்பு நீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். கிளாம்புகளைத் தளர்வாகவே மாட்டி, குழாய் முனைக்கும் பம்பருக்கும் விரல் நுழையும் இடைவெளி விட்டு, பிறகு முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். எஞ்சினை ஓடவிட்டு, குழாய் சூடாகுமுன் இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்துப் பாருங்கள்; குமிழி வந்தால் கசிவு. ஒருமுறை ஓட்டி, நன்றாக ஆறியபின் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள்.