நாம்பனுக்குத் தரம் சொல்வது யார்?

கேள்வி: என்னிடம் 2 ஜேர்சிக் கலப்பு நாம்பன்கள் நிற்கின்றன. பார்க்க வந்த தரகர் "இரண்டாந் தரம்" என்று விலையை இறக்குகிறார். பிரான்சிலுள்ள மைத்துனர், அங்கே எழுத்துப் போட்டுத் தரம் பிரிப்பார்கள் என்கிறார். இப்போதே விற்பதா, 3 மாதம் கொழுக்க வைப்பதா? – வேலணை வாசகர்

பதில்: மைத்துனர் சொல்வது சரிதான். ஆனால் ஐரோப்பாவில் அந்த எழுத்தை வெட்டி உரித்துத் தொங்கவிட்ட உடலுக்குத்தான் போடுகிறார்கள். சதைத் திரட்சிக்கு ஓர் எழுத்து, கொழுப்புக்கு 1 முதல் 5 வரை ஓர் எண். உயிரோடு நிற்கிற நாம்பனை வேலிக்கு வெளியே நின்று பார்த்து "இரண்டாந் தரம்" என்பது விலை பேசும் தந்திரம். அதற்கு மயங்காதீர்கள்.

தையற்காரரின் அளவு நாடா ஒன்று எடுங்கள். விடிய, தண்ணீர் காட்டமுன், மாட்டைச் சமதரையில் நிறுத்துங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிச் சென்ரிமீற்றரில் அளவுங்கள். பிறகு தோள்முனையிலிருந்து வாலடி எலும்பு முனைவரை நீளம். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு வரும். சுற்றளவு 140 சென்ரிமீற்றர், நீளம் 120 என்றால் ஏறக்குறைய 217 கிலோ. இறைச்சி அதில் பாதிக்குச் சற்றுக் குறைய என்று வையுங்கள். நாடா தளர்ந்து 145 காட்டினால் ஏறக்குறைய 16 கிலோ கூடிவிடும். ஆகவே இரண்டு முறை அளவுங்கள். சந்தைக்கொரு மாட்டுத் தராசு வையுங்கள் என்று எத்தனை கூட்டத்தில் கேட்டிருப்பேன்! கோழிக்குத் தராசு உண்டு, மாட்டுக்குக் கண்மதிப்பு.

கொழுக்க வைப்பதற்குப் பல்லைப் பாருங்கள். இரண்டு பல்லு விழுந்து முளைத்திருந்தால் வளர்கிற வயது, வைத்திருக்கலாம். ஆறு பல்லென்றால் விற்றுவிடுங்கள். மாரி முடிந்து புல்லும் சீமைக்கிளுவைக் குழையும் கிடைக்கிற காலமென்றால் 3 மாதம் பலன் தரும். ஆடி, ஆவணி வெயிலில் புண்ணாக்கை விலைக்கு வாங்கிக் கொழுக்க வைத்தால் லாபம் கடைக்காரருக்குத்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அண்மையில் பூச்சிக்கோ காய்ச்சலுக்கோ ஊசி போட்டிருந்தால் பல்லும் வேண்டாம், நாடாவும் வேண்டாம், விற்பனையை நிறுத்துங்கள். ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து ஊசி போட்ட மாட்டை, ஒரு மாதத்துக்கு மேல் கழியும்வரை இறைச்சிக்குக் கொடுக்கக்கூடாது. நாள்கணக்கு மருந்துப் போத்தலிலேயே இருக்கும். தெரியாவிட்டால் போட்ட கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். "ஒரு ஊசிதானே" என்று தரகர் சிரிப்பார். அந்த இறைச்சியைத் தின்னப்போவது யாரோ வீட்டுப் பிள்ளை.

கடைசியாக, மாட்டை விற்கும்போது எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் வந்து எத்தனை காலம்! இன்றும் ஒரு மாட்டை ஏற்றி இறக்கக் கந்தோர் கந்தோராக அலையவேண்டும். அந்த அலுப்பைத்தான் தரகர் விலைக்கு வாங்குகிறார்: "வெறுஞ் சீட்டில் கையெழுத்து வையுங்கோ அண்ணை, மிச்சத்தை நான் பார்க்கிறன்." வைக்காதீர்கள். மாட்டின் நிறம், குறி, காதுப்பட்டி இலக்கம், வாங்குபவர் பெயர் எல்லாம் உங்கள் கண்முன்னே எழுதப்பட்ட பிறகே கையெழுத்து. தீவகத்தில் மாட்டுக்களவு எப்படி நடக்கிறதென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வெறுஞ் சீட்டோடு களவுமாடு ஒன்று பிடிபட்டால், பொலிஸ் தட்டுவது தரகரின் படலையை அல்ல.